பெருந்தொற்றில் நூலகங்கள்: எது மாறியது, யாருக்கு எட்டவில்லை

பெங்களூரில் நூலக அறிவியல் முதுகலை படிக்கும் ஒருவர், தம் ஆய்வேட்டுக்காக இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார்: கொரோனாப் பெருந்தொற்றின்போது நூலகங்கள் தங்கள் சேவைகளை எவ்வாறு மாற்றிக்கொண்டன? அந்த மாற்றங்களில் எவை பலித்தன? இந்நகரக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். அல்சூர்ப் பக்கம் தமிழ் வாசகர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய இரவல் நூலகம் ஒன்றுக்கு அந்தக் காலத்தில் கூடவே இருந்து உதவியும் இருக்கிறேன். எனவே படித்ததோடு பார்த்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூலகத்திடமிருந்து மக்கள் பெறுவதை மூன்றாகப் பிரிக்கலாம்: வீட்டுக்கு எடுத்துச் செல்லும் நூல், இருந்த இடத்திலிருந்தே தேடிப் பெறும் தகவல், உட்கார்ந்து படிக்க ஓர் இடம். பெருந்தொற்றில் இவற்றில் இரண்டாவது நன்றாகவே தாக்குப்பிடித்தது. முதலாவது தட்டுத்தடுமாறி நடந்தது. மூன்றாவது ஏறக்குறைய முற்றிலும் நின்றுபோனது. நம் நகரத்துப் பொது நூலகங்களுக்கு வருவோரில் பெரும்பாலோர் அந்த மூன்றாவதை நாடித்தான் வருகிறார்கள். ஆகவே வெளிநாட்டு அனுபவத்தை அப்படியே எடுத்து இங்கே பொருத்தினால் உங்கள் ஆய்வேடு தடம் மாறிவிடும்.

காலக்கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது 2020 மார்ச் 11-ல். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பெங்களூரில் மட்டும் அதே ஆண்டு ஜூலை 14 இரவு முதல் 22 காலை வரை மறுபடியும் ஊரடங்கு. இரண்டாம் அலையில் 2021 ஏப்ரல் 27 முதல் இன்னொன்று. நூலகங்கள் ஒருமுறை மூடி ஒருமுறை திறந்தன என்று எண்ணிவிடக் கூடாது. திறப்பதற்குச் செய்த ஏற்பாடு காய்வதற்குள் மறுபடி மூட வேண்டிவந்தது என்பதே உண்மை. நிலையான திட்டம் எதையும் போட முடியாமல், வாராவாரம் வரும் அரசாணையைப் பார்த்துப் பார்த்து நடத்திய காலம் அது.

எல்லா இடங்களிலும் முதலில் நடந்தது ஒன்றுதான்: திருப்பித் தரும் தேதியை நீட்டித்தார்கள், தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். கோஹா போன்ற நூலக நிர்வாக மென்பொருள் வைத்திருந்த நூலகங்களில் இது எளிது. நாள்காட்டியில் அந்த நாட்களை விடுமுறை என்று குறித்துவிட்டுக் கெடுத் தேதிகளை மொத்தமாக மாற்றிவிடலாம். பேரேட்டிலும் தேதிச் சீட்டிலும் ஓடிய சிறு நூலகங்களில் கதை வேறு. நூலின் கடைசித் தாளில் ஒட்டிய சீட்டில் ‘ஏப்ரல் 3’ என்று முத்திரை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, தாமதமாகிறதே, பணம் கட்ட வேண்டுமே என்று பதறி, ஊரடங்கிலும் தொலைபேசியில் அழைத்த பெரியவர்கள் உண்டு.

பிறகு எழுந்தது, உண்மையிலேயே புதிய கேள்வி: திரும்பி வந்த நூலை என்ன செய்வது? புத்தகத்தால் நோய் பரவும் என்ற அச்சம் பழையதுதான். பிரிட்டனில் 1907-ல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டத் திருத்தம், தொற்றுநோய் கண்ட வீட்டார் நூலகத்தில் புத்தகம் எடுப்பதையே தடைசெய்தது. ஆனால் 2020-ல் நூலகர்களுக்கு வேண்டியிருந்தது அச்சத்தைத் தாண்டி ஓர் எண்: எத்தனை நாள் தனியே வைக்க வேண்டும்? மார்ச் மாதம் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, இந்த வைரஸ் பிளாஸ்டிக்கின் மேல் 72 மணி நேரம் வரை உயிர்ப்போடு இருக்கலாம் என்றும், அட்டையின் மேல் 24 மணி நேரத்துக்குப் பிறகு இல்லை என்றும் சொன்னது. நூல் என்பது அட்டை, தாள், துணி, பிளாஸ்டிக் உறை எல்லாம் சேர்ந்தது என்பதால், நூலகங்களின் உலகக் கூட்டமைப்பான ஓ.சி.எல்.சி. நிறுவனமும் அமெரிக்காவின் அருங்காட்சியக, நூலகச் சேவைகள் கழகமும் பேட்டெல் ஆய்வகத்தோடு சேர்ந்து ‘ரெல்ம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, நூலகப் பொருட்களின் மேலேயே சோதனை செய்தன.

இந்தச் சோதனைகளின் ஒரு முடிவை நம்மவர்கள் பலர் கவனிக்கவே இல்லை. முதல் சோதனையில் கெட்டி அட்டை, மெல்லிய அட்டை, பிளாஸ்டிக் உறை முதலியவற்றைத் தனித்தனியாகப் பரப்பி வைத்தபோது மூன்று நாளில் வைரஸ் தென்படவில்லை. அதே பொருட்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துச் சோதித்தபோது, ஆறு நாளுக்குப் பிறகும் தென்பட்டது. காற்றோட்டமும் உலர்வும்தான் வேலையைச் செய்கின்றன. அடுக்கி வைத்தால் அது நடப்பதில்லை. ‘மூன்று நாள் வைத்தால் போதும்’ என்ற வாக்கியம் மட்டும் வாட்ஸ்அப்பில் உலகம் சுற்றியது. ‘பரப்பி வைத்தால்’ என்ற நிபந்தனை வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

நான் உதவிய நூலகத்தில் இடம் என்பது ஒரு படுக்கையறை அளவுதான். எனவே திரும்பிய நூல்களைப் பழ வியாபாரியிடமிருந்து வாங்கிய அட்டைப் பெட்டிகளில், முதுகு மேலே தெரியும்படி, இரண்டு நூலுக்கு நடுவே விரல் நுழையும் இடம் விட்டு நிறுத்தி வைத்தார்கள். பெட்டியின் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் வந்த தேதியும் வெளியே எடுக்கலாம் என்ற தேதியும். திரும்பி வந்தவற்றுக்குப் பொறுப்பான அம்மாள் ஒருவர், அன்றைக்கு விடுதலையாகும் பெட்டியை மட்டும் சன்னலோரம் நகர்த்தி வைப்பார். மற்றதைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை. பேரேட்டில் ‘வந்தது’, ‘அலமாரிக்குப் போனது’ என்று இரண்டு பத்திகள் புதிதாக முளைத்தன. செலவே இல்லாத இந்த ஏற்பாடு, பணம் கொட்டி வாங்கிய பல கருவிகளைவிட நன்றாக வேலை செய்தது என்பது என் கணிப்பு.

கருவிகள் என்றேனே, புற ஊதாக் கதிர்ப் பெட்டிகளைத்தான் சொல்கிறேன். மூடிய நூலின் உள்பக்கங்களுக்கு அந்தக் கதிர் போகாது. படுகிற மேற்பரப்பையோ மெல்ல வெளிறச் செய்யும். இன்னும் மோசமானது சானிடைசர் தெளித்தல். சாராயம் கலந்த திரவம் பட்டால் சில மைகள் கசியும், பைண்டிங் துணியில் திட்டுத் திட்டாகக் கறை விழும். நூல் பாதுகாப்பு வல்லுநர்கள் தொடக்கத்திலிருந்தே ஒரே குரலில் சொன்னது இதுதான்: துடைக்காதீர்கள், தெளிக்காதீர்கள், தனியே வைத்துக் காத்திருங்கள். பழைய தமிழ்ப் பதிப்புகளின் தாள் எவ்வளவு பொடிப்பொடியானது என்று தெரிந்தவர்களுக்கு இந்த அறிவுரையின் அருமை புரியும்.

இத்தனை உழைப்பும் எதற்கு என்று கேட்கும்படியான செய்தி 2021 ஏப்ரல் 5-ல் வந்தது. தொற்றுள்ள மேற்பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. நோய் பரவியது முக்கியமாகக் காற்றின் வழியே. நூல்களைப் பெட்டியில் பூட்டிய அதே நூலகங்களில் பல, ஏ.சி. அறையின் சன்னல்களைத் திறப்பதைப் பற்றி யோசிக்கவில்லை. இதை அறியாமை என்று ஒதுக்க நான் விரும்பவில்லை. தெரிந்த அளவுக்கு ஏற்ப எச்சரிக்கையாக நடந்தார்கள். ஆனால் தெரிந்தது மாறிய பிறகும் நடைமுறையை மாற்றாமல் பல மாதம் இழுத்தடித்த நிறுவனங்கள் இருந்தன. அது ஆய்வுக்குரிய பொருள். ஒரு நெறிமுறையை எழுதுபவர்கள், அதை எப்போது கைவிடுவது என்பதையும் சேர்த்து எழுதினார்களா என்று பாருங்கள்.

அடுத்தது நூலை வாசகரிடம் சேர்த்தல். வெளிநாடுகளில் வாசகர் முன்கூட்டிப் பதிவு செய்து, காரில் வந்து, இறங்காமலேயே நூலை வாங்கிக்கொண்டு போனார். பெங்களூரில் அதற்கு ஈடான இடம் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிற்காவலர் மேசை. பலசரக்கு, பால், மருந்து வந்து சேர்ந்த அந்த மேசைக்கு நூல்களும் வந்தன. உறுப்பினர் வாட்ஸ்அப்பில் பெயரைச் சொல்வார். தன்னார்வலர் நூலைப் பழுப்பு உறையில் போட்டு, வீட்டு எண்ணை எழுதி, வாயிலில் வைப்பார். திருப்பித் தருவதும் அதே வழியில். மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி மன்னார்குடிப் பகுதிக் கிராமங்களுக்கு 1931-லேயே கொண்டுபோன மரபு நமக்கு உண்டு என்பதால், நூல் வாசகரைத் தேடிப் போவது நமக்கு ஒன்றும் புதுமையில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அலமாரி முன் நின்று புரட்டிப் பார்த்து எடுக்கும் வழக்கம் போனதும், ஏற்கெனவே தெரிந்த பெயரை மட்டுமே எல்லோரும் கேட்டார்கள். நான்கைந்து புகழ்பெற்ற நாவல்களுக்கு நீண்ட வரிசை. மற்ற நூல்கள் தூசி படிந்து கிடந்தன. அலமாரித் தட்டு ஒவ்வொன்றையும், நூல் முதுகுகள் படிக்கும்படி நெருங்கிப் படம் எடுத்துக் குழுவில் போட்ட பிறகுதான் நிலைமை மாறியது. வாசகர்கள் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, வேண்டியதை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு இன்னொரு பழக்கமும் வந்தது: ‘கட்டுரை இரண்டு, சிறுகதை ஒன்று, எதுவானாலும் சரி’ என்று கேட்பவர்களுக்கு நூலகமே தேர்ந்து ஒரு கட்டு கட்டி அனுப்பியது. வாசகரின் பழைய இரவல் பட்டியலைப் பார்த்து அடுத்ததைத் தேர்வது நூலகரின் தொழில்தான். தேடுபொறிகள் வந்த பிறகு நாமே அதை மறந்திருந்தோம்.

மின்னூலுக்கு வருவோம். இங்கேதான் எண்கள் கண்ணைப் பறிக்கும். பொது நூலகங்களுக்கு மின்னூல் வழங்கும் ஓவர்டிரைவ் நிறுவனம், 2020-ல் தன் வழியாக 43 கோடி இரவல்கள் நடந்தன, முந்தைய ஆண்டைவிட 33 விழுக்காடு அதிகம் என்று அறிவித்தது. ஆனால் மின்னூல் இரவல் என்பது அச்சு நூல் இரவல் போன்றதன்று. அச்சு நூலை வாங்கிய நூலகம் அதைக் கிழியும் வரை யாருக்கும் கொடுக்கலாம். மின்னூலில் நூலகம் வாங்குவது உரிமம்; பெரும்பாலும் ஒரு பிரதிக்கு ஒரு நேரத்தில் ஒருவர், அதுவும் இத்தனை ஆண்டு அல்லது இத்தனை இரவல் வரை. மேக்மில்லன் பதிப்பகம் 2019 நவம்பரில், புதிய நூல் வெளிவந்த முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு மின்பிரதிதான் என்று கட்டுப்பாடு விதித்திருந்தது. நூலகங்கள் மூடத் தொடங்கிய 2020 மார்ச் 17-ல் அதைக் கைவிட்டது. பெருந்தொற்று பதிப்பாளர்களின் பிடியைத் தளர்த்திய அரிய தருணங்களில் அது ஒன்று.

எதிர்த்திசையில் நடந்ததையும் நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க இணைய நூலகம் 2020 மார்ச் 24-ல் ‘தேசிய அவசரகால நூலகம்’ என்ற பெயரில், தான் வருடி (ஸ்கேன் செய்து) வைத்திருந்த சுமார் 14 லட்சம் நூல்களைக் காத்திருப்பு வரிசை இல்லாமல் ஒரே நேரத்தில் எத்தனை பேரும் இரவல் பெறலாம் என்று திறந்துவிட்டது. ஜூன் 1-ல் நான்கு பெரிய பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. ஜூன் 16-ல், திட்டமிட்டதற்கு இரண்டு வாரம் முன்பே, சேவை நிறுத்தப்பட்டது. வழக்கு அதோடு முடியவில்லை. 2023 மார்ச்சில் தீர்ப்பு பதிப்பகங்களின் பக்கம் சாய்ந்தது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அவசரகால ஏற்பாட்டை மட்டும் அல்லாமல், ஒரு பிரதிக்கு ஒருவர் என்று அந்த நிறுவனம் அதுவரை செய்துவந்த இரவலையும் சேர்த்தே நீதிமன்றங்கள் தவறு என்றன. 2020-இன் அதே மார்ச் இறுதியில், பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டு மின்நூலகமான ஹாதிடிரஸ்ட் தொடங்கிய தற்காலிகச் சேவை இதைவிட அடக்கமானது: ஓர் உறுப்பினர் நூலகத்தின் அலமாரியில் எத்தனை அச்சுப் பிரதிகள் பூட்டிக் கிடக்கின்றனவோ, அத்தனை பேர் மட்டும் ஒரு நேரத்தில் அந்த நூலைத் திரையில் படிக்கலாம். பல்கலைக்கழகங்களுக்கு அது அமைதியாக, பெரிய உதவியாக இருந்தது. தைரியம் குறைவாகத் தெரியும் ஏற்பாடு நீடித்து உழைத்ததை இங்கே காணலாம்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது? பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் 2012-ல் செய்த திருத்தப்படி, வணிக நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் அச்சுப் பிரதி இருக்கும் நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம். பாதுகாப்புக்காக என்பதே அங்கே சொல்லப்பட்ட நோக்கம். வருடிய கோப்பை வாசகருக்கு அனுப்பலாம் என்று அது சொல்லவில்லை. ஊரடங்கின்போது ‘புத்தகத்தை ஸ்கேன் பண்ணி அனுப்பிவிடுங்களேன் சார்’ என்று கேட்ட உறுப்பினர்களுக்கு இதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. விளக்கிக்கொண்டிருந்தபோதே, புதிதாக வந்த தமிழ் நூல்களின் திருட்டு பி.டி.எஃப். கோப்புகள் அதே வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தன. கடைகள் மூடி விற்பனை படுத்துக் கிடந்த சிறு பதிப்பாளர்களுக்கு அது கூடுதல் அடி.

தமிழ் வாசகருக்கு மட்டும் ஒரு நல்வாய்ப்பு இருந்தது. தமிழக அரசு பல பத்தாண்டுகளாக எழுத்தாளர்களின் குடும்பத்துக்குத் தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கி வந்திருக்கிறது. பாரதியார், கல்கி, புதுமைப்பித்தன் என்று அந்தப் பட்டியல் நீளமானது. இவற்றை யாரும் வருடலாம், வெளியிடலாம், அனுப்பலாம். 1998-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், விக்கிமூலம், இலவசத் தமிழ் மின்னூல்கள் தளம், ஈழத்து ஆவணங்களுக்கு நூலகம் நிறுவனம் எல்லாம் பெருந்தொற்றுக்கு வெகுமுன்பே வேலை செய்து வைத்திருந்தன. பெங்களூர்த் தமிழர் ஒருவர், அல்சூர் நூலகத்துக்குப் போகாமல், சென்னைக்கும் போகாமல், சட்டத்தை மீறாமல், ஒரு பழைய நூலைத் தன் கைப்பேசியில் திறக்க முடிந்தது இவர்களால்தான். இந்திய மொழிகளில் வேறெதற்கும் இந்த அளவுக்கு ஆயத்தம் இருந்ததா என்பது ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது; உங்கள் ஆய்வேட்டில் ஓர் இயல் ஒதுக்கலாம்.

கர்நாடக அரசின் பொது நூலகத் துறைக்கும் நேரம் கைகொடுத்தது. மாநிலத்தின் மின் பொது நூலகத்தை 2020 பிப்ரவரியில், ஊரடங்குக்குச் சில வாரம் முன்புதான் தொடங்கியிருந்தார்கள். கைப்பேசிச் செயலியில் இலவசமாக உறுப்பினராகலாம்; பாடநூல், போட்டித் தேர்வு நூல், காணொளிப் பாடம் எல்லாம் உண்டு. நகரத்துக் கிளை நூலகங்கள் பூட்டிக் கிடந்தபோது துறைக்குக் கையில் ஏதோ ஒன்று இருந்தது. கர்நாடகத்தில் சொத்துவரியோடு ரூபாய்க்கு 6 காசு நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது என்பதை நினைவில் வையுங்கள். வரி கட்டுபவர் அந்த மாதங்களில் எதைப் பெற்றார் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே பெரிதாக எதுவும் முறியவில்லை. ஆய்விதழ்களுக்குக் கட்டணம் கட்டியிருந்தாலும், வளாகத்தின் ஐ.பி. முகவரியிலிருந்து வந்தால்தான் பதிப்பாளர் தளம் கதவைத் திறக்கும். மாணவர் ஊருக்குப் போய்விட்டால் அந்தச் சந்தா அவருக்குப் பயனில்லை. இதற்கு மருந்து முன்பே இருந்தது: காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் ‘இன்ஃபெட்’ என்ற கூட்டமைப்பில் கல்லூரி சேர்ந்துவிட்டால், மாணவர் தன் கல்லூரிப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டே வீட்டிலிருந்து நுழையலாம். 2020-க்கு முன் இதில் சேரச் சொல்லி எத்தனை சுற்றறிக்கை வந்தாலும் கல்லூரிகள் கோப்பில் போட்டு வைத்தன. வளாகம் மூடிய பிறகு முதல்வர்களே நூலகரைத் தேடி அழைத்தார்கள். ஐ.ஐ.டி. காரக்பூர் நடத்தும் தேசிய மின்நூலகமும் அப்போதுதான் பல ஆசிரியர்களுக்கு அறிமுகமானது. பார்வையற்ற வாசகர்களுக்கு மட்டும் இது புதிதாக இல்லை. 2016 முதல் இயங்கும் சுகம்ய புத்தகாலயா என்ற இணைய நூலகத்தில் ஒலி, பிரெய்ல், மின்னுரை வடிவங்களில் நூல்களைப் பதிவிறக்கிப் பழகியிருந்தவர்கள், மற்றவர்கள் அப்போது கற்றுக்கொண்டதை நான்கு ஆண்டு முன்பே கற்றிருந்தார்கள்.

குழந்தைகள் விஷயம் வேறு. கதை சொல்லும் நேரத்தை ஜூமுக்கு மாற்றிய நூலகங்கள் ஏராளம். முதல் சில வாரங்கள் கூட்டம் நிரம்பும், பிறகு பள்ளி வகுப்பும் அதே திரையில் வந்ததும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். உருப்படியாக நடந்தவை எளிமையானவை. இந்நகரிலேயே இயங்கும் பிரதம் புக்ஸ் 2015 முதல் நடத்திவரும் ஸ்டோரிவீவர் தளத்தில், தமிழ் உட்படப் பல மொழிகளில் கதைகள் திறந்த உரிமத்தில் கிடக்கின்றன. யாரையும் கேட்காமல் வாசித்துப் பதிவிடலாம், அச்சிட்டும் கொடுக்கலாம். ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்துக் கதை சொல்லும் சேவையையும் அவர்கள் அந்தச் சமயத்தில் நடத்தினார்கள். அதற்கு இணையமும் வேண்டாம், ஸ்மார்ட்போனும் வேண்டாம். டெல்லியில் இலவச நூலகங்கள் நடத்தும் கம்யூனிட்டி லைப்ரரி புராஜெக்ட், ‘துனியா சப்கி’ என்ற பெயரில் வாசிப்பு ஒலிப்பதிவுகளையும் காணொளிகளையும் இணையத்தில் கொண்டுவந்தது. 2020 செப்டம்பரில் எடுக்கப்பட்ட, ஊரகப் பிள்ளைகளின் கல்வி பற்றிய ‘அசர்’ கணக்கெடுப்பின்படி, பள்ளிப் பிள்ளைகள் உள்ள ஊரக வீடுகளில் 61.8 விழுக்காட்டில்தான் ஸ்மார்ட்போன் இருந்தது. இருந்த வீட்டிலும் அது பகலில் அப்பாவின் சட்டைப்பையோடு வேலைக்குப் போய்விடும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு செய்த முயற்சி என்று நான் மதிப்பது கர்நாடகத்தின் ‘ஓதுவ பெளகு’ (வாசிப்பின் ஒளி). கிராமப் பஞ்சாயத்து நூலகங்கள் 2019-ல்தான் நூலகத் துறையிலிருந்து ஊரக வளர்ச்சி, பஞ்சாயத்துராஜ் துறைக்கு மாற்றப்பட்டிருந்தன. பள்ளிகள் மூடிக் கிடந்த 2020 நவம்பரில், ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் அந்த நூலகங்களில் கட்டணமின்றி உறுப்பினராகச் சேர்க்கும் இயக்கமாக இது தொடங்கியது. மற்றவர்கள் நூலகத்தைத் திரைக்கு மாற்றிய நேரத்தில், இவர்கள் பள்ளி இல்லாத குறையை நூலகத்தின் நான்கு சுவருக்குள் ஓரளவாவது ஈடுசெய்யப் பார்த்தார்கள். பெங்களூர் நகரத்துக் கிளை நூலகங்களுக்கு இப்படியொரு யோசனை ஏன் பெரிய அளவில் வரவில்லை என்பது எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

இனி மூன்றாவது, அதாவது இருக்கை. கப்பன் பூங்காவில் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தில் இருக்கும் மாநில மத்திய நூலகத்துக்கோ, ஏதாவதொரு வார்டின் கிளை நூலகத்துக்கோ ஒரு வேலைநாள் காலையில் போய்ப் பாருங்கள். இரவல் மேசையில் கூட்டம் குறைவாகவே இருக்கும். நாளிதழ் மேசையைச் சுற்றி ஓய்வுபெற்றவர்கள். ஒருவர் விளையாட்டுப் பக்கத்தை முடிக்கும்வரை இன்னொருவர் காத்திருப்பார். சுவரோரம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், தங்கள் சொந்தப் புத்தகங்களோடு. அவர்கள் வாங்குவது மின்விசிறி, வெளிச்சம், மேசை, அமைதி. ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது அது எவ்வளவு பெரிய பொருள் என்பது ஸ்ரீராமபுரத்திலோ ஆஸ்டின் டவுனிலோ வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தச் சேவையை வாயிற்காவலர் மேசையில் வைத்துவிட்டு வர முடியாது. நாளிதழ் மேசை முதலில் போனது; தாளைத் தொட்டால் தொற்றும் என்ற அச்சத்தில் வீட்டுக்கு வரும் நாளிதழையே பலர் நிறுத்திய காலம். திறந்த பிறகும், ஒன்றுவிட்டு ஒரு நாற்காலி என்ற விதியால் இடம் பாதியானது. மேலும், 65 வயதைக் கடந்தவர்களும் 10 வயதுக்கு உட்பட்டவர்களும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று மத்திய உள்துறையின் தளர்வு நெறிமுறைகள் அறிவுறுத்தின. மருத்துவக் கண்ணோட்டத்தில் அது நியாயமே. நூலகத்தின் பார்வையில், வந்துகொண்டிருந்தவர்களில் நாளிதழ் வாசகரையும் கதைப் புத்தகக் குழந்தையையும் ஒரே வரியில் வெளியே நிறுத்தியது அது. எங்கள் வட்டாரத்தில் தினமும் கிளை நூலகத்தில் தினத்தந்தி படித்துவந்த முதியவர் ஒருவர், மகன் கைப்பேசியில் செய்தித் தளத்தைத் திறந்து கொடுத்தும் தொடவில்லை. எழுத்து ஓடுகிறது, விளம்பரம் வந்து மறைக்கிறது என்றார். அவருக்கு எந்த நூலகமும் எந்த மாற்றுச் சேவையும் தரவில்லை.

அமெரிக்க நூலகங்கள் இந்த இட விஷயத்தில் ஓரளவு யோசித்தன. கட்டடம் மூடியிருந்தாலும் வைஃபையை அணைக்க வேண்டாம் என்று அந்நாட்டு நூலகச் சங்கம் 2020 மார்ச் 23-லேயே கேட்டுக்கொண்டது. மக்கள் வாகன நிறுத்துமிடத்தில் அமர்ந்து வேலை பார்த்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் நூலகப் பணியாளர்கள் தொற்றாளரின் தொடர்புகளைக் கண்டறியும் பணிக்கே அனுப்பப்பட்டார்கள். நம் கிளை நூலகங்கள் பலவற்றில் வாசகருக்கான வைஃபை அப்போது இல்லாததால் முதல் யோசனை இங்கே பொருந்தாது. ஆனால் பூங்காவை ஒட்டியே நம் கிளைகள் பல அமைந்திருக்கின்றன. வராந்தாவிலும் மர நிழலிலும் பத்து நாற்காலி போட்டு, காற்றோட்டத்தில் நாளிதழ் மேசையை நடத்தியிருக்கலாம். நோய் காற்றில் பரவுகிறது என்று தெளிவான பிறகாவது இதைச் செய்திருக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

வெற்றிடம் வெற்றிடமாக இருக்கவில்லை. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு, தடுப்புப் பலகை வைத்த மேசை, ஏ.சி., செருகுமுனை, தண்ணீர் தரும் தனியார் படிப்பறைகள் விஜயநகர் போன்ற பயிற்சி மையப் பகுதிகளில் முன்பே இருந்தன. பெருந்தொற்றுக்குப் பிறகு மற்ற பகுதிகளிலும் அவற்றின் பலகைகளை அதிகமாகப் பார்க்கிறேன். அங்கே புத்தகமே இருக்காது. பெயர்ப்பலகையில் மட்டும் ‘லைப்ரரி’ என்று எழுதியிருக்கும். பணம் கட்ட முடிந்தவர் அங்கே போய்விட்டார். முடியாதவர் பொது நூலகத்துக்குத் திரும்பினாரா, படிப்பையே விட்டாரா என்பதற்கு யாரும் கணக்கு எடுத்ததாகத் தெரியவில்லை.

எனவே ‘எவை பலித்தன’ என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதிவிறக்க எண்ணிக்கையை மட்டும் வைத்து விடை எழுதாதீர்கள். துறையிடம் கேட்டால் முதலில் தருவது அந்த எண்ணிக்கைதான். கிளை நூலகம் ஒவ்வொன்றிலும் நுழைவாயிலில் ஒரு கையெழுத்துப் பதிவேடு இருக்கும். பெயர், நேரம், சில இடங்களில் வயதும் எழுதுவார்கள். 2019, 2021, 2022 ஆகிய ஆண்டுகளின் ஏதாவதொரு சாதாரண மாதத்தை, ஆகஸ்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்றிலும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரே கையெழுத்து மீண்டும் வருகிறதா என்று பாருங்கள். பெயர்களை ஆய்வேட்டில் போட வேண்டாம், எண்ணிக்கை போதும். இரண்டு மூன்று கிளைகளில் இதைச் செய்தாலே, யார் திரும்பி வந்தார்கள் என்பது உங்கள் கையில் இருக்கும். பழைய பதிவேடுகளை ஆண்டு இறுதியில் எடைக்குப் போட்டுவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனால் அனுமதிக் கடிதத்தை இந்த மாதமே கொடுத்துவிடுங்கள்.